குருதியாக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு

என் அக்காவின் உடம்பில் ரத்தம் ஊறுவது நின்றுபோனது. படுக்கையில் கிடந்த அவளுக்கோ வேறு கவலை. அந்த ஊறலைக் குறிக்கும் சொல்லுக்கு ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் கிடைக்கவில்லையாம்.

அக்கா மருத்துவச் சொற்களுக்கு அகராதி தொகுக்கிறவள். நான் முடி வெட்டுகிறவன். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் நாள் முழுக்க யோசிப்பாள். நான் ஒரு தலையை முடிப்பதற்குள் ஊர்க்கதை மொத்தத்தையும் பேசிவிடுவேன். எங்களுக்குள் எதுவும் ஒத்துப்போனதில்லை. பரிசோதனை செய்து பார்த்தபோது மஜ்ஜை மட்டும் அச்சு அசலாக ஒத்துப்போனது.

என் இடுப்பெலும்பில் ஊசியை இறக்கி மஜ்ஜையை எடுத்து, அவளுக்குச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அது அவள் எலும்புக்குள் குடியேறி ரத்தத்தை உண்டாக்க வேண்டும். குடியேறாமலும் போகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். போனால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லித் தொலைத்துவிடுவாரே.

கிருமி அண்டக் கூடாதென்று அவளைக் கண்ணாடி அறையில் வைத்திருந்தார்கள். வெளியே நான், உள்ளே அவள், பேசுவதற்கு ஆளுக்கொரு தொலைபேசி.

"குருதியாக்கம். எலும்பு மஜ்ஜையில ரத்த அணுக்கள் உருவாகி முதிர்ற செயல். பொருள் எழுதிட்டேன். வாக்கியம்தான்டா மாட்ட மாட்டேங்குது."

"நல்லா சாப்பிட்டா குருதியாக்கம் நடக்கும். எழுதிக்கோ, அடுத்த சொல்லுக்குப் போ."

"யாரு சொன்னா இதை?"

"இப்ப நான்தானே சொன்னேன்!"

"எனக்காகச் செஞ்சு சொன்னே. செல்லாது. ஒருத்தர் தன் தேவைக்கு, வாய்ல தானா வந்து சொல்லியிருக்கணும்."

இதுதான் அவளுடைய தொழில் பிடிவாதம். ஒரு வாக்கியத்தைக்கூடத் தானாகக் கட்ட மாட்டாள். டாக்டர் ஹீமட்டோபாயிசிஸ் என்கிறார், நர்ஸ் கவுண்ட் என்கிறார், மற்ற எல்லோரும் ரத்தம் ஊறுது என்கிறோம். குருதியாக்கம் என்று சொல்ல ஒரு நாதியில்லை.

"பேசாம காலியா விட்டுடேன்" என்றேன்.

"காலியா விட்டா அது நடக்கவே இல்லைன்னு அர்த்தம்டா."

அதற்குப்பிறகு அந்தச் சொல்லை நான் சும்மா விடவில்லை.

கடைக்கு வந்தவர் போனவர் எல்லோரையும் பிடித்துக்கொண்டேன். கழுத்தில் துணியைக் கட்டிவிட்டால் யாரும் எழுந்து ஓட முடியாது, அது என் தொழிலில் ஒரு வசதி. பஸ் டிரைவர் முகமெல்லாம் நுரையோடு, "வண்டிக்கு டீசல், உடம்புக்குக் குருதியாக்கம்" என்றார். கணக்கு வாத்தியார் கண்ணை மூடி யோசித்து, "குருதியாக்கம் குறைந்தால் கூட்டலும் தப்பும்" என்றார். சைக்கிள் கடைக்காரர் தாடையை நீட்டி, "அண்ணே, கத்தியைப் பார்த்துப் போடுங்க, என் மூஞ்சியில குருதியாக்கம் பண்ணிடாதீங்க!" என்றார். தெரு முழுக்க அந்தச் சொல் திரிந்தது.

அக்கா எல்லாவற்றையும் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "எல்லாம் விளையாட்டுக்குச் சொன்னது. ஒண்ணும் செல்லாது."

பிறகு அவள் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டாள். வாயெல்லாம் புண், விடாத காய்ச்சல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலை மட்டும் அசைப்பாள். என்னோடு சண்டை போடாத அக்காவைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கடையில் கை ஓடவில்லை. கணக்கு வாத்தியாரின் மீசையில் ஒரு பக்கத்தை வழித்துவிட்டேன். அவர் கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அந்தப் பக்கத்தையும் எடுத்துடு தம்பி, போய் அக்காவைப் பாரு" என்றார்.

அன்றைக்கு அவள் தொலைபேசியை எடுத்தாள். பேசத் தெம்பில்லை, காதில் மட்டும் வைத்துக்கொண்டாள். வாத்தியாரின் மீசை போன கதையை நான் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது டாக்டர் கையில் ஒரு தாளோடு வந்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"டாக்டர், அக்காவுக்குக் குருதியாக்கம் ஆரம்பிச்சிடுச்சா?"

டாக்டர் விழித்தார். என்ன சொன்னேன் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. "ரத்தம், டாக்டர். ரத்தம் ஊற ஆரம்பிச்சிடுச்சா?"

"ஆரம்பிச்சிடுச்சு" என்று சிரித்தார் அவர். "உங்க மஜ்ஜை நல்லா குடியேறிடுச்சு."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். ஊசி போட்ட இடம் உயிர் போக வலித்தது, அது ஒரு சாக்காகவும் ஆயிற்று, ஓவென்று அழுதேன். தொலைபேசியில் புண்ணான வாயோடு ஒரு குரல் முனகியது.

"டேய். முதல்ல கேட்டியே, அது செல்லும்டா."

அகராதி அச்சாகி வந்தபோது, மருந்தில் கொட்டிப்போன முடி அக்காவுக்கு மறுபடி வளர்ந்திருந்தது. முதல் வெட்டுக்கு என் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை விரித்துக் காட்டினாள். சொல், பொருள், அதன்கீழ் நான் கேட்டது அப்படியே. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"கேள்வியோட நிறுத்திட்டியே! படிக்கிறவன் அந்த அக்கா பிழைச்சாளா இல்லையான்னு தவிக்க மாட்டானா? டாக்டர் சொன்ன பதிலையும் போட்டா என்ன?"

"அவர் பதில்ல அந்தச் சொல்லே இல்லையே."

"அதுக்காக?"

"கேட்டது நீ. எழுதினது யாரு?"

"நீதான்."

"அப்புறம் என்ன பதில் வேணும்? காதுகிட்ட பார்த்து வெட்டுடா."