குடத்துக்குள் வாய்க்கரிசி

சிட்னியில் ஒரு சின்ன மியூசியம். சைப்பிரஸ் தீவின் பழங்காலக் கல்லறைகளிலிருந்து தோண்டியெடுத்த குடங்களுக்கு அங்கே நித்தியானந்தன் காவல். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்த மனிதர். இங்கே தொப்பி போட்டுக்கொண்டு, பார்க்க வருகிறவர்கள் கண்ணாடியில் மூக்கைத் தேய்க்காமல் பார்த்துக்கொள்வதும், திங்கட்கிழமைகளில் அலமாரிகளைத் திறந்து தூசி தட்டுவதும்தான் உத்தியோகம். அதை இளக்காரமாக நினைக்கவேண்டாம். எழுபத்தைந்தாம் வருடம் அது. அந்த வேலையைக் காட்டித்தான் அவருக்கும் மனைவி நாகேஸ்வரிக்கும் இந்த நாட்டில் தங்க அனுமதி கிடைத்திருந்தது. வேலை போனால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

மார்கழியில் ஊரிலிருந்து தந்தி வந்தது. அம்மா போய்விட்டார். தந்தி சிட்னியில் அவர்கள் குடியிருந்த ஸ்ட்ராத்ஃபீல்ட் வீட்டுக்கு வந்து சேருமுன்பே உடலை எரித்தும்விட்டார்கள். ஒரே மகன் கொள்ளியும் வைக்கவில்லை, வாய்க்கரிசியும் போடவில்லை. நித்தியானந்தனுக்கு அழுகைகூட வரவில்லை. செய்யவேண்டியதைச் செய்யாதவன் என்ன உரிமையில் அழுவது?

அடுத்த திங்கட்கிழமை, நாகேஸ்வரி ஊரிலிருந்து கொண்டுவந்து பொத்திப் பொத்தி வைத்திருந்த சிவப்புப் பச்சையரிசியில் ஒரு பிடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அலமாரி மூலையில் ஒரு குடம் இருந்தது. மூவாயிரம் வருடத்துக்கு முன் வயதான பெண்ணொருத்தியின் தலைமாட்டில் வைத்துப் புதைத்தது என்று அட்டை சொன்னது. பாவம், அவளும் தன் மண்ணை விட்டு எவ்வளவு தூரம் வந்துவிட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. குடத்தின் வாய்க்குள் மூன்று முறை அரிசியைப் போட்டார். அப்போதுதான் அழுகை வந்தது.

அழுது முடித்ததும் அரிசியை எடுத்துவிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாய்க்கரிசி போட்டவன் எவனாவது அதைத் திருப்பி எடுப்பானா? அப்படியே விட்டுவிட்டு அலமாரியைப் பூட்டினார்.

மாசியில் மியூசியத்தின் தலைவர் டாக்டர் லாங்ஃபோர்ட், அடிப்பாகத்தைப் படம் எடுப்பதற்காக அந்தக் குடத்தைக் கவிழ்த்தார். அரிசி கொட்டியது. உள்ளே கிடந்த பழைய மண்ணில் புரண்டு அதன் நிறம் மங்கியிருந்ததால் மனிதருக்குச் சந்தேகமே வரவில்லை. அந்தக் காலத்திலேயே சைப்பிரஸில் அரிசியா? எந்தக் கப்பலில் வந்தது? லாங்ஃபோர்டின் கால் தரையில் படவில்லை. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். நித்தியானந்தனையும் தொப்பியை நேராக வைக்கச் சொல்லி, குடத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்தார்கள்.

அன்று வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நாகேஸ்வரியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் லாங்ஃபோர்ட் என்றைக்காவது நாலுபேர் சிரிக்க நிற்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது. நாகேஸ்வரி அவருடைய சோற்றுத் தட்டை மூடி வைத்தார்.

"இந்தப் பொய்யை வைச்சுக்கொண்டு அம்மான்ர வருசத் திவசத்துக்கு எப்பிடி இருக்கப் போறியள்? போய்ச் சொல்லுங்கோ. திரும்பிப் போறதெண்டால் ரெண்டுபேருமாப் போவம்."

சொன்னார். லாங்ஃபோர்டின் அறையில், நின்றபடியே, ஒன்றுவிடாமல் சொன்னார். லாங்ஃபோர்ட் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அந்த அரிசியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை லண்டனுக்குப் போய்விட்டதாம். இனி வாயைத் திறந்தால் தன் பேரும் மியூசியத்தின் பேரும் போய்விடுமாம். நித்தியானந்தனின் வேலையை நிரந்தரமாக்குவது தன் பொறுப்பு என்றும் சொன்னார்.

"நீங்கள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை" என்றார் கடைசியாக.

அந்த அரிசியையாவது தாருங்கள், அம்மாவை நினைத்துக் கடலில் விட்டுவிடுகிறேன் என்று நித்தியானந்தன் கேட்டார். லாங்ஃபோர்ட் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு நம்பர் போட்டுப் பதிந்தாயிற்று, இனி அது மியூசியத்தின் சொத்து என்று மேசையைப் பார்த்தே சொன்னார்.

அடுத்த வாரம் அரிசியைத் தனியாக ஒரு மேடையில், மேலே விளக்குப் போட்டு வைத்தார்கள். கண்ணாடி மூடி வந்துசேரும்வரை சுற்றிக் கயிறு கட்டினார்கள். பக்கத்தில் நித்தியானந்தன் உட்கார்ந்து காவல் காக்க ஒரு கதிரை. அன்றைக்கு நல்ல கூட்டம். ஒரு சீமாட்டி ஆசையோடு கையை நீட்டினாள். நித்தியானந்தன் எழுந்து, இதை யாரும் தொடக்கூடாது என்று சொன்னார்.