நடுச்சாலையில் கூடும் வட்டம்

வெளிறிய நிறங்களைக் கண்டாலே என் அக்காவுக்கு ஆகாது. "காய்ச்சல்ல படுத்தவ மூஞ்சி மாதிரி இருக்கு" என்பாள். அவள் கை வைத்தால் நிறம் கண்ணில் அறைய வேண்டும். மேம்பாலத்தின் மூன்று தூண்கள், பின்னால் ஒரு படிக்கட்டு, அதற்கும் பின்னால் நூலகத்தின் பக்கச் சுவர். எல்லாவற்றையும் அடர்நீலமாக்கி, குறுக்கே பளீரென்று ஒரே ஒரு மஞ்சள் வட்டம் வரைந்தாள்.

அருகில் போனால் தூணில் ஒரு கீற்று, படியில் ஒரு துண்டு, சுவரில் ஒரு வளைவு என்று சிதறித்தான் தெரியும். ஒரே ஓர் இடத்திலிருந்து பார்த்தால் மட்டும் எல்லாம் கூடி முழு வட்டமாகும்.

அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான். பழுதுபார்க்கச் சாலையை அடைத்திருந்த சமயம் அது. நடுச்சாலையில் வேனை நிறுத்தி, அதன் கூரைமேல் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு போனில் கத்துவாள். சாரத்தில் தொத்திக்கொண்டு நான் சாக்பீஸால் குறிப்பேன்.

"மேல போடின்னா கீழ போற. கண்ண வீட்லயே வச்சிட்டு வந்துட்டியா?"

கூடப் பிறந்த பாவத்துக்கு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன்.

இன்று காலை சாரத்தைப் பிரித்தார்கள். மாநகராட்சி ஆணையர் மேடம் பார்க்க வந்தார். அவர் சரியென்றால் ஓவியம் நிற்கும், இல்லையென்றால் பழையபடி சாம்பல் நிறம்தான். சாம்பல் பெயின்ட் டப்பாக்களோடு ஓர் ஆளையும் கையோடு கூட்டி வந்திருந்தார். எங்கள்மேல் அவ்வளவு நம்பிக்கை!

"எங்க நின்னும்மா பாக்கணும்?"

அக்கா கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. காலையில்தான் சாலையைத் திறந்துவிட்டிருந்தார்கள். அவள் காட்டிய இடத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வாரக்கணக்கில் அங்கேயே குடியிருந்ததில், அது வண்டி ஓடுகிற சாலை என்பதே எங்கள் இரண்டு பேருக்கும் மறந்துபோயிருந்தது.

மேடம் நடைபாதையிலிருந்தே பார்த்தார். "வட்டம்னு சொன்னீங்க. பெயின்ட் கொட்டிப்போன மாதிரில்ல இருக்கு?"

பெயின்ட்காரர் டப்பா மூடியை நெம்பத் தொடங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போது ஒரு பேருந்து அதே இடத்தைக் கடந்தது. உள்ளே கம்பியைப் பிடித்து நின்றிருந்த ஒருவர் வெளியே பார்த்து வாயைப் பிளந்தார். எனக்கு விளங்கிவிட்டது.

"மேடம், பஸ்ல ஏறுவோம்!"

"எதுக்கு?"

"ஏறுங்க மேடம், சொல்றேன்!"

கூப்பிடு தூரத்தில்தான் நிறுத்தம். மேடத்தைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் ஓடினேன், அக்காவும் பின்னாலேயே ஓடி வந்தாள். அடுத்த பேருந்தில் மேடத்துக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. தூண்கள் வந்தன. துண்டுகள் ஒன்றையொன்று நெருங்கின, ஆனால் சேரவில்லை.

"உயரம் பத்தலடி!" என்று அக்கா அலறினாள். "நான் வேனுக்கு மேல உக்காந்துல்ல பாத்தேன்! மேடம், எந்திரிங்க!"

"என்னது?"

"எந்திரிங்கன்னா எந்திரிங்க!"

ஆணையரையே அதட்டுகிறாள்! அவரும் பதறி எழுந்தார். கீற்று துண்டைத் தொட்டது, துண்டு வளைவைத் தொட்டது. நீலத்தின் நடுவே முழு மஞ்சள் வட்டம் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. நின்றிருந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் "ஏ!" என்று கூவினார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் என்ன, என்ன என்று எழுவதற்குள் அது கலைந்துவிட்டது.

மேடம் உட்காரவே இல்லை. நின்றபடியே போனை எடுத்தார்.

"அந்த டப்பாவ மூடுப்பா. ஆமா, மூடிரு." பிறகு நடத்துனரிடம் திரும்பினார். "இந்த பஸ் மறுபடி எப்பங்க இந்தப் பக்கம் வரும்?"

அக்காவைப் பார்த்தேன். கண்ணில் நீர் வழிய என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சாரம் மறைச்சிட்டே இருந்துச்சுல்ல. நானே இப்பதான்டி முழுசா பாக்குறேன்!"