சப்பாத்துக்குள் இருந்த கால்

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்குப் போங்கோ தம்பி. கும்பம் வைச்சிருக்கு" என்றார் வாசலில் நின்ற பியோன். வாணி விழாவுக்காகக் காரியாலயத்தின் பெரிய அறையில் சரஸ்வதி படம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். வேறு அறை இல்லாததால் நேர்முகத் தேர்வும் அங்கேதான். சரஸ்வதிக்கும் எனக்கும் ஒரே நாளில் அலுவல் வந்துவிட்டது.

நான் பயப்படவில்லை. இயக்கத்தில் நின்று பிடித்த கடைசிச் சண்டையில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இப்போது இருப்பது றப்பர்ப் பாதம். விரல், நகம் எல்லாம் அச்சில் வார்த்தது. நீளக் காற்சட்டை போட்டால் வெறுங்காலிலும் சட்டென்று பிடிபடாது. நொண்டாமல் நடக்கக் கிணற்றடிக்கும் வாசல் படலைக்கும் இடையில் நடந்து நடந்து பழகியிருந்தேன். புனர்வாழ்வு முகாம் முடித்து வந்தபின் வேலை கேட்டுப் போன இடங்களில் உண்மையைத்தான் சொன்னேன். "உங்களை மாதிரி ஆக்களை மதிக்கிறம் தம்பி, ஆனால்..." என்று இழுத்து, தேத்தண்ணி தந்து அனுப்பினார்கள். மதிப்பை உலையில் போட முடியாது.

இந்தமுறை பள்ளிக்கூடக் காவலாளி வேலை, அரசாங்கச் சம்பளம். கிடைக்காவிட்டால் என் மனைவி உதயகலா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகவேண்டும். இவ்வளவு காலமும் சண்டிலிப்பாய்த் தோட்டங்களில் வெங்காயம் கிண்டி எங்களை இழுத்தவள். "இவரின்ரை அலுவல் முடியட்டும்" என்று ஏஜென்சிக்காரனை நிறுத்தி வைத்திருந்தாள். மகள் அபிசனாவுக்கு ஒன்பது வயது. இளையவனுக்கு நாலு, தாயின் சீலையைப் பிடிக்காமல் நித்திரை கொள்ளமாட்டான்.

நான் வெளியே போகிற நாளில் பொய்க் காலுக்குச் சொக்ஸும் சப்பாத்தும் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து தருவது அபிசனாதான். மற்றப் பிள்ளைகள் தகப்பனுக்குப் பேப்பர் எடுத்துக் கொடுப்பதுபோல அவளுக்கு இது. அன்றும் அப்படித்தான் தந்தாள். கொஞ்சம் கூடுதலாகச் சிரித்த மாதிரி இருந்தது.

வாசலோரம் கிடந்த வாங்கில் இருந்துகொண்டு சப்பாத்தைக் கழட்டி, சொக்ஸை உருவினேன். றப்பர் விரல் ஐந்திலும் செக்கச் செவேலென்று கியூடெக்ஸ் நகப்பூச்சு. அபிசனா பள்ளிக்கூட வாணி விழாவில் ஆடுவதற்கென்று தாய் வாங்கிக் கொடுத்தது.

அந்நேரம் பார்த்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். சொக்ஸைத் திரும்பப் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். அந்த மூளை பஸ்ஸில் வரும்போதுதான் வந்தது.

மேசைக்கு அந்தப்பக்கம் கேள்வி கேட்க இருந்தவர்களில் ஓர் அம்மாதான் முதலில் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஒரு கால் மட்டும் என்று கண்டு, விளங்கி, பாதியில் நிறுத்தினார். நடுவில் இருந்த ஐயா எட்டிப் பார்த்தார்.

"உது பொய்க் காலோ?"

"ஓம் ஐயா. மகள் விளையாட்டுக்குப் பூசிப்போட்டாள்."

"ஏன் மறைச்சனீர்?"

"சொன்ன இடத்திலை ஒருத்தரும் வேலை தரேல்லை ஐயா. ரெண்டு பிள்ளையள்."

"காவலுக்கு வாற ஆள் எங்களையே ஏமாத்தப் பாத்தால் என்னெண்டு தம்பி நம்புறது?" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. சுருட்டிய சொக்ஸ் என் கைக்குள் இருந்தது. எனக்குப் பிள்ளைமேல் கோபம் வந்தது. அது வந்ததே என்று என்மேல் வெறுப்பும் வந்தது.

இந்தமுறை தேத்தண்ணியும் இல்லை. பியோன் மட்டும் அவலும் கடலையும் பேப்பரில் சுற்றித் தந்தார். "பிள்ளையளுக்குக் குடுங்கோ."

அபிசனா படலையில் காத்து நின்றாள்.

"ஆராவது பாத்தவையோ அப்பா?"

"ஓம். எல்லாரும் பாத்தவை."

"வடிவெண்டு சொன்னவையோ?"

"ஓம் அம்மா."

உதயகலா என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேசை இறக்கித் தூசு தட்டினாள். இளையவன் வாய் நிறைய அவலோடு ஓடிப்போய் அதற்குள் ஏறி இருந்துகொண்டான். "இறங்கு ராசா" என்று அவள் சொல்வது கேட்டது.

"பெருவிரலிலை உரிஞ்சு போச்சப்பா" என்று அபிசனா குப்பியை எடுத்துவந்து என் முன்னால் குந்தினாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, வெளியே வழியாமல் பூசினாள். முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் ஊதினாள்.

"காயுமட்டும் அசையாதேங்கோ."

நான் அசையாமல் இருந்தேன். அவள் ஊதிக்கொண்டேயிருந்தாள்.