சலேத்மேரியின் பின்னால் வந்த கடை

காலையில் சலேத்மேரி வாசலைத் திறந்தபோது ஒயின்ஷாப் தன் முன்படியை வீட்டுக்குள் வைத்திருந்தது.

எங்கள் ஊரில் குடிக்கிறவர்களுக்குப் பின்னால் அவரவர் கடை வருவது வழக்கம்தான். கம்பி வலை, பல்பு, பச்சை போர்டு, உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் விற்பனையாளர் எல்லாமாகச் சேர்ந்து வரும். சிக்னலில் நிற்கும். ராத்திரி தெருவோரம் படுத்துக்கொள்ளும். அதன் நடத்தையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் பிறகு வெளியேறாது. பக்கத்துத் தெரு மரியதாஸ் வீட்டில் அப்படித்தான் நுழைந்தது. இப்போது அவர் பிள்ளைகள் காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே பாய் விரித்துப் படிக்கிறார்கள்.

சலேத்மேரிக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் அவளுக்குக் கோபமும் கூடவே வந்துவிடும். விளக்குமாற்றால் நாலு சாத்து சாத்திப் படியை வெளியே தள்ளினாள்.

அவள் கணவர் இன்னாசி டீகூடத் தொடாதவர். உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே, "குடிய விடப் பாக்குறவங்க சேந்து கூட்டம் போடுறாங்களாம் மேரி. எங்கிட்டுன்னுதான் தெரியல" என்றார்.

"நான் கண்டுபிடிக்கிறேன். வர்ற வரைக்கும் கதவத் தெறக்காதீக."

அவள் நடந்தாள். கடை பின்னால் வந்தது. தெருவில் எதிர்ப்பட்டவர்கள் அவளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். கடைக்கு மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். டீக்கடையில் விசாரித்தாள். "வீட்டுக்காரர் ரொம்பக் குடிக்கிறாரோ? பாவம்" என்று மாஸ்டர் உச்சுக்கொட்டினார். மருந்துக்கடைக்காரர் இடம் எதுவும் சொல்லாமல், பொம்பளை கெட்டால் குடும்பமே கெடும் என்று மட்டும் சொன்னார். அப்போது அவரைத் தொடர்ந்து வரும் ஒயின்ஷாப் அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியை உரசிக்கொண்டு நின்றது. ஆட்டோக்காரர் மட்டும் கொஞ்சம் நல்லபடியாகப் பேசினார்.

"அந்த மாதிரி இடத்துக்கெல்லாம் பொம்பளைக போறதில்லக்கா."

"அப்ப என்னைய எங்க போகச் சொல்றீக?"

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

சலேத்மேரி ரயில்வே கேட் அருகே நின்று யோசித்தாள். கூட்டத்துக்குப் போகிறவர்கள் தனியாகப் போயிருக்க முடியாது. அவர்களுடைய கடைகள் வெளியே காத்துக்கொண்டு இருந்தாக வேண்டும். ஆகையால் மேம்பாலத்தில் ஏறினாள். ஏற்றத்தில் கடைக்கு மூச்சு வாங்கியது. பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்து முனகின.

"வாடியம்மா வா. முடியலன்னா இங்கனயே உக்காரு. உன்னைய யாரு கூப்புட்டா?" என்றாள்.

உச்சியிலிருந்து பார்த்தபோது, பழைய பஞ்சாயத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் வேப்பமரத்தடியில் ஒயின்ஷாப்புகள் சந்தைக்கு வந்த மாடுகள்போல நெருக்கியடித்து நின்றன.

வகுப்பறைக்குள் ஆண்கள் பெஞ்சுகளில் இருந்தார்கள். ஜன்னலோரமாகப் போட்ட நாற்காலிகளில் அவர்களின் மனைவிமார் இருந்தார்கள். கூட்டத்தை நடத்துகிற சூசைமாணிக்கம் எழுந்து வந்து கும்பிட்டார்.

"உள்ள வாங்கம்மா. உங்க வீட்டுக்காரர் எங்க?"

"வீட்டுல சோறு வடிக்கிறாரு."

"அப்ப உங்க பின்னால நிக்கிற கடை?"

"என்னோடது."

சூசைமாணிக்கம் வாசலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கெட்ட மனிதரல்ல. கூட்டம் பத்திரமாக நடக்க வேண்டும் என்ற கவலை அவருக்கு.

"பொம்பளைகளுக்குன்னு இங்க பெஞ்சு கெடையாதும்மா. பொம்பளைக பின்னால கடை வர்றதில்லையே."

"அப்ப இது யாரு, என் நாத்தனாரா?"

ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலியைக் காட்டி, அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம் என்றார் அவர். சலேத்மேரி அந்த நாற்காலியைத் தூக்கினாள். ஆண்களின் முதல் பெஞ்சுக்கு முன்னால் டக்கென்று போட்டு, அவர்களைப் பார்த்து உட்கார்ந்தாள். வாய் உலர்ந்துபோயிருந்தது. வெளியே விற்பனையாளர் மெதுவாகக் கம்பியைத் தட்டிக் கூப்பிட்டார். எழுந்து போய்விடலாம் போலத்தான் இருந்தது. போனால் இன்று சாயங்காலமே கடை வீட்டுக்குள் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"எம் பேரு சலேத்மேரி. மில்லுல வேலை. நான் குடிக்கிறேன், நிப்பாட்டணும். அதுக்கு ஆம்பளையாப் பொறந்து வரணும்னா அடுத்த பிறவியில பாத்துக்கலாம். இந்தப் பிறவியில இப்பிடியே வந்துட்டேன். வெளிய போகச் சொல்ற ஆளு வந்து என்னையத் தூக்கிப் போடுங்க."

யாரும் வரவில்லை. ஜன்னலோரத்தில் சூசைமாணிக்கத்தின் மனைவி தவமணி தொண்டையைக் கனைத்தாள்.

"நம்ம பின்னால ரெண்டு கடை வருதுல்ல" என்று கணவரிடம் சொன்னாள். "ரெண்டும் உங்களோடதுன்னுதான் ஊரே நெனச்சுக்கிட்டு இருக்கு. சின்னது என்னோடது."

சூசைமாணிக்கம் தரையைப் பார்த்தார். பிறகு, "அப்ப இங்கிட்டு வா" என்றார்.

தவமணி எழுந்திருக்க வேண்டியிருக்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியே அவளைச் சுமந்துகொண்டு நடந்து வந்து சலேத்மேரியின் பக்கத்தில் நின்றது. பின்னாலேயே மற்ற மனைவிமாரைச் சுமந்துகொண்டு அவர்களின் நாற்காலிகளும் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஆண்கள் காலை மடக்கிக்கொண்டு வழிவிட்டார்கள்.