பத்தாவது பூச்சி

அந்த மலையில் கழுத்தில் டை கட்டிய எல்லாருமே டாக்டர்தான். ஃபப்ரீசியோ மட்டும் நிஜமாகவே பட்டாம்பூச்சியில் பட்டம் வாங்கிய டாக்டர். அந்தக் கனத்தையும் ஒரு குப்பி செண்ட் வாசனையையும் சுமந்துகொண்டு மலை ஏறினார். பின்னால் எடில்மா. விடுதியில் பதினோரு வருஷம் மீன் பொரித்தவள். இன்று பனி மூடுவதற்குள் பத்து வகைப் பட்டாம்பூச்சியை அவர் முன்னால் சரியாகச் சொன்னால் வழிகாட்டி வேலைக்கான அட்டை. இல்லாவிட்டால் திரும்பவும் வாணலி.

"என்ன நாத்தம் இது?" என்றார், அவள் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்து.

"அழுகின மீன் தண்ணி, டாக்டர். இங்க எல்லா வழிகாட்டியும் இதை இலையில தெளிச்சுத்தான் பூச்சியை வரவைப்பாங்க."

"இரை வச்சா பரீட்சை செல்லாது, எடில்மா அம்மா. இங்கயே வச்சிட்டு வாங்க."

வைத்துவிட்டு வந்தாள். அப்படியும் ஒன்பது வந்தன. ஒவ்வொன்றையும் பறக்கும்போதே சொன்னாள். அவர் புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்ப்பதற்குள் பூச்சி அடுத்த மலைக்குப் போயிருக்கும். பதினொன்றரைக்குப் பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறத் தொடங்கியது.

"ஒன்பதுதான். ரொம்ப வருத்தமா இருக்கு," என்றார் டாக்டர். முகத்தில் அந்த வருத்தத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். "அடுத்த வருஷம் பாக்கலாம்."

அழுதால் மனுஷன் அதையும் படிவத்தில் குறித்துக்கொள்வார் என்று எடில்மா அழுகையை விழுங்கிக்கொண்டாள்.

காலையில் நாலு கோப்பை காப்பி குடித்திருந்த டாக்டர் ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கினார். திரும்பி வந்து, சாவகாசமாக ஒரு பிஸ்கட் தின்று, பையை மாட்டினார். எடில்மா அந்தப் பாறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பனி இன்னும் எட்டாத ஈர மண்ணில் ஒன்று உட்கார்ந்து சுகமாக உறிஞ்சிக்கொண்டிருந்தது. மடித்த சிறகில் எட்டும் எட்டும் எழுதியதுபோல் கறுப்புக் கோடுகள்.

"எண்பத்தெட்டுப் பூச்சி. பத்தாவது, டாக்டர்."

டாக்டர் பூச்சியைப் பார்த்தார். அது உட்கார்ந்திருந்த இடத்தையும் பார்த்தார். "இரை வச்சா செல்லாதுன்னு சொன்னேனே."

"வச்சது நான் இல்லையே."

அவர் காது சிவந்தது.

"படிவத்துல 'எந்த இரைக்கு வந்தது'ன்னு ஒரு கட்டம் இருக்கு," என்றாள் எடில்மா. "உங்களுக்குக் கூச்சமா இருந்தா நானே எழுதறேன்."

"தானா வந்துச்சு," என்று எழுதி, அட்டையில் அவசரமாகக் கையெழுத்துப் போட்டார்.

இறங்கும்போது எடில்மா தன் பாட்டிலை மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

"அட்டைதான் கெடைச்சாச்சே, இன்னும் எதுக்கு அது?" என்றார் மூக்கைப் பொத்தி.

"நாளையிலேர்ந்து ஆளுங்களைக் கூட்டிட்டு வரணும், டாக்டர். ஒவ்வொரு தடவையும் உங்களையா கூப்பிட முடியும்?"