பன்னிரண்டு மீட்டர் துணி

என் மகள் கணக்கில் இந்தத் தடவையும் தோற்றால் இன்னும் ஒரு வருஷம் ஏழாம் வகுப்பிலேயே உட்கார வேண்டும். முடிவைச் சொல்லத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பாதி தைத்த சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். என்ன சொல்வார்களோ என்று வழி நெடுக அதே நினைப்புதான். ஏடாகூடமாக ஏதாவது சொன்னால் ஒரு கை பார்த்துவிடுவது என்றும் இருந்தேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும்.

மகளை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். கணக்கு டீச்சர் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"முதல்ல இதை எழுதுங்கம்மா."

"பரீட்சை எனக்கா, என் பொண்ணுக்கா?"

"அஞ்சே கேள்விதான்."

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். மூன்றாவது கேள்வி: 'டெய்லரிடம் பன்னிரண்டு மீட்டர் துணி இருக்கிறது. இரண்டு மீட்டர் துண்டுகளாக்க எத்தனை தடவை வெட்ட வேண்டும்?' இருபது வருஷமாகக் கத்தரி பிடிக்கிற கை இது. யோசிக்காமல் ஆறு என்று எழுதினேன்.

டீச்சர் சிவப்புக் கோடு போட்டார். "அஞ்சும்மா. அஞ்சாவது வெட்டுலயே கடைசி ரெண்டு துண்டும் தனியாயிடும்."

அசடு வழிந்தது. "நல்லா மடக்குறீங்க டீச்சர்."

"நான் எங்க மடக்கினேன்? கேள்வி உங்க பொண்ணோடது."

அப்புறம்தான் விவரம் சொன்னார். கேள்வித்தாளைக் கண்டாலே இவளுக்குக் கை ஓடுவதில்லையாம். அதனால், "நீயே கேள்வித்தாள் தயார் பண்ணு, யாரு எங்க தப்பு பண்ணுவாங்கன்னும் எழுது" என்று விட்டிருக்கிறார். இருபது கேள்வி எழுதியிருக்கிறாள்; அந்தத் தாளையும் எடுத்துக் காட்டினார். விடை எல்லாம் சரி. அதில் நான் தப்பு விட்ட துணிக் கேள்விக்குப் பக்கத்தில் அவள் கையெழுத்தில், 'எல்லோரும் ஆறு என்று எழுதுவார்கள்' என்று இருந்தது.

"அடுத்தவங்க சறுக்குற இடம் தெரிஞ்சவளுக்குக் கணக்கு வராதுன்னு எப்படிம்மா சொல்றது? ஹெட்மாஸ்டர் இதையே பரீட்சையா எடுத்துக்கிட்டார். எட்டாவதுக்குப் போறா."

வயிற்றில் பாலை வார்த்தார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, நிறுத்த முடியவில்லை.

வெளியே வந்ததும் மகள் என் சிவந்த கண்ணைப் பார்த்துப் பயந்துபோய் எழுந்தாள்.

"பாஸுடி" என்றேன்.

நம்பாமல், நான் எழுதிக் கையில் வைத்திருந்த தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். மூன்றாவது கேள்விக்கு வந்ததும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"பரவாயில்லம்மா. அது கொஞ்சம் கஷ்டமான கேள்விதான்."

இந்த வார்த்தையை நான் அவளிடம் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.