கதவுக்குப் பின்னால் ஒரு போர்டு

ஐஸ்க்ரீம்காரி ஃப்ரீசர் பெட்டியின் மூடியைத் தூக்கினாள். கல்லாக உறைந்திருக்க வேண்டிய ஐஸ்க்ரீம் கப்புகள் எல்லாம் ரோஸ் நிறக் கூழாகத் தளும்பிக்கொண்டிருந்தன. பெட்டி என்னவோ உறுமிக்கொண்டுதான் இருந்தது. உறுமல் மட்டும்தான், குளிரைக் காணோம்.

நாளை மறுநாள் பள்ளியில் விளையாட்டு விழா. வாசல் வாசலாகக் கப் விற்றுத் திரிந்தவளுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். "ஒழுங்கா செஞ்சா இனி எல்லா விழாவுக்கும் நீங்கதான்" என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தாள். சொதப்பினால் அந்தப் பக்கமே தலைகாட்ட முடியாது.

"அழுதா உறைஞ்சிடுமா அண்ணி?" என்றாள் நாத்தனார், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டே. "வண்டியைக் கூப்பிடுங்க. வாங்கின இடத்துலயே கொண்டுபோய் இறக்குவோம்."

பழைய சாமான் கடைக்காரருக்குத் தெருவில் தேன்வாயர் என்று பெயர். அவர்கள் போய் இறங்கியபோது, ஒரு வாஷிங் மெஷின் முன்னால் இளம் புருஷன் பெண்டாட்டியை நிற்க வைத்துத் தேனை ஊற்றிக்கொண்டிருந்தார். "என் தங்கச்சியா நெனச்சு சொல்றேம்மா, இது துணியைத் துவைக்காது, புதுசாவே ஆக்கித் தரும்!"

பெட்டியைப் பார்த்ததும் அவர் சிரிப்பு பாதியாகச் சுருங்கியது. "என்னம்மா, பெட்டியோட ஊர்வலமா?"

"குளிரலைங்க. ஒரே வாரத்துல படுத்துடுச்சு. வேற மாத்திக் கொடுங்க."

"மாத்தறதா? போர்டைப் பாக்கலையா நீங்க?"

"எந்த போர்டு?"

அவர் வாசலுக்குப் போய், சுவரோடு சுவராகச் சாய்ந்திருந்த பெரிய மரக்கதவைக் கொஞ்சம் இழுத்தார். பின்னால் சுவரில் தொங்கியது. 'உள்ளது உள்ளபடி விற்கப்படும். விற்ற சாமானுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.' பல வருஷத்துப் போர்டு, ஆனால் எழுத்து நேற்று எழுதியது போலப் பளபளத்தது. வெயில் பட்டால் அல்லவா மங்கும்!

"எழுதித் தொங்க விட்டிருக்கேன். படிக்காதது உங்க தப்பு. நான் என்ன பண்ணட்டும்?" என்று கதவைத் தள்ளிவிட்டார். போர்டு மறுபடி ஒளிந்துகொண்டது.

அவள் அந்தக் கதவையே பார்த்தாள். வாங்க வந்த அன்றும் இப்படித்தான் விரியத் திறந்து கிடந்தது. அன்று தேன்வாயர் இதே பெட்டிக்குள்ளிருந்து ஒரு டம்ளரை எடுத்து, "கரண்ட் போய் அரை நாள் ஆச்சு, பாருங்க! உங்க வீட்டுலயும் இப்படித்தான் நிக்கும், நான் பொறுப்பு" என்று தலைகீழாகக் கவிழ்த்தார். ஐஸ் விழவில்லை. அவள்தான் விழுந்தாள்.

விறுவிறுவென்று போய்க் கதவை இழுத்துச் சாத்தினாள். கடை இருட்டிவிட்டது.

"அட, இப்பத்தான் நல்லா தெரியுது!" என்றாள் நாத்தனார். "கடையைச் சாத்திட்டு உள்ள நின்னாதான் படிக்கலாம் போல. யாருக்குங்க எழுதி வச்சீங்க, எலிக்கா?"

இளம் பெண்டாட்டி குபீரென்று சிரித்தாள். புருஷன் கைப்பேசி வெளிச்சத்தில் போர்டை உரக்கப் படித்தான். படித்து முடிப்பதற்குள் அவள் சிரிப்பு நின்றது. வாஷிங் மெஷின் மேலிருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

"அப்போ இவ்வளவு நேரம் நீங்க சொன்னதெல்லாம்?"

"அது வேறம்மா. அது... சும்மா வாய் வார்த்தை."

"அந்த வாய் வார்த்தையை நம்பித்தாங்க நான் வாங்கினேன்." ஐஸ்க்ரீம்காரி சாத்திய கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். "அரை நாள் நிக்கும், நான் பொறுப்புன்னது உங்க வாய். கதவுக்குப் பின்னாடி இருந்து ஒரு பலகை வந்து அதைத் துடைச்சுட்டுப் போயிடுமா? பொறுப்பில்லைன்னா, விக்கறதுக்கு முன்னாடி போர்டைக் காட்டியிருக்கணும். காட்டிட்டு வாயை மூடியிருக்கணும்."

"முதல்ல கதவைத் திறம்மா, வியாபாரம் கெடுது!"

"திறக்கறேன். எந்தப் பெட்டின்னு சொல்லுங்க."

வெளியே யாரோ கதவைத் தட்டி, "இன்னிக்குக் கடை லீவா?" என்றார்கள். தேன்வாயரின் விரல் தானாக மூலையிலிருந்த பெரிய வெள்ளைப் பெட்டியைக் காட்டியது.

அவள் கதவைத் திறந்துவிட்டாள், ஆனால் அந்தப் பெட்டியையும் உடனே தூக்கிவிடவில்லை. தானே குழாயடிக்குப் போய் டம்ளரில் தண்ணீர் பிடித்து வந்து உள்ளே வைத்து, சுவிட்சைப் போட்டாள். நாத்தனார் மூடி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "யார் ஐஸை வச்சதுன்னு இந்தத் தடவை சந்தேகம் வரக் கூடாதில்ல?"

அதற்குள் இளம் புருஷன் போர்டைக் கழற்றி, தெருவைப் பார்த்த தூணில் மாட்டிவிட்டான். "இப்ப அதைப் பாத்துக்கிட்டே மறுபடி சொல்லுங்க. இந்த மெஷின் என்ன பண்ணும்?" என்றாள் அவன் பெண்டாட்டி.

தேன்வாயர் போர்டைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். "துணி... துவைக்கும்மா."

மத்தியானம் தண்ணீர் கெட்டியானதும் ஐஸ்க்ரீம்காரியே சுவிட்சை அணைத்தாள். வெயில் சாயும்வரை அவளும் நாத்தனாரும் இடத்தை விட்டு நகரவில்லை. வெளியே வண்டிக்காரர் ஹார்ன் அடித்தபோதுதான் நாத்தனார் இறங்கினாள். மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை குப்பென்று முகத்தில் மோதியது.

"கையை நீட்டுங்க" என்றாள் ஐஸ்க்ரீம்காரி.

தேன்வாயர் நீட்டினார். அந்த உள்ளங்கைக்கு நேர் மேலே டம்ளரைக் கொண்டுபோய்த் தலைகீழாகக் கவிழ்த்தாள். அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

டம்ளர் அந்தரத்தில் கவிழ்ந்தபடியே நின்றது. ஒரு சொட்டு விழவில்லை.